வாட்ச்சைத் திருத்தினீங்க, சரி

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் பெரியப்பா டி.வி.எஸ். பஸ்ஸை எடுத்துவிடுவார். "அந்தக் காலத்துல டி.வி.எஸ். வண்டி வர்றதப் பாத்து வாட்ச்சத் திருத்தி வச்சுக்குவோம்ல!" மதுரையில் இந்த வாக்கியத்தைச் சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியப்பா இருப்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன மாதம் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. நான் போய்ச் சேர்வதற்குள் குத்தி முடித்து, பிள்ளை அழுதும் ஓய்ந்திருந்தது. சிம்மக்கல் ஸ்டாப்பில், பஸ் நிற்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஐந்து கார். பஸ் உள்ளே வர வழியில்லாமல் நடு ரோட்டிலேயே ஒரு நொடி தயங்கியது. பின்னால் ஹாரன். கையில் சீர்த்தட்டுப் பை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் இரண்டு காருக்கு நடுவில் ஒருக்களித்து நுழைந்து வெளியே வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த வண்டியில் கூட்டத்தோடு தொங்கிக்கொண்டு போய் இறங்கினால், "பஸ்ஸுலயா வந்த? ஒரு போன் போட்டா தம்பி காரெடுத்துட்டு வந்திருப்பான்ல" என்கிறார் பெரியப்பா. அந்தத் தம்பி ஜவுளி எடுக்க வந்தால் காரை எங்கே நிறுத்துவான் தெரியுமா? அதே சிம்மக்கல் ஸ்டாப்பில்.

அப்புறம் வெற்றிலை. அப்புறம் டி.வி.எஸ்.

சொல்வதில் பொய் இல்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொழிலைத் தொடங்கி, மறு வருஷமே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் திண்டாடியபோது, கரிப்புகையில் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட்டைத் தாங்களே செய்து ஓட்டினார்கள். மாட்டு வண்டிகள் உதிர்த்துவிட்டுப் போகும் லாட ஆணி டயரைக் கிழிக்கிறது என்று, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் விட்டு ரோட்டைத் துழாவினார்கள் என்பது பெரியப்பாவின் உபகதை. இதைச் சொல்லும்போது இரண்டு கையையும் தரையோரம் கொண்டுபோய்த் தடவிக் காட்டுவார். அந்த இடம் மட்டும் எனக்கும் பிடிக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பஸ்ஸைப் பார்த்து வாட்ச்சைத் திருத்துவதற்கு முதலில் கையில் வாட்ச் வேண்டாமா? எங்கள் அம்மாச்சிக்கு வாட்ச் கிடையாது. அழகர்கோவில் பக்கத்துக் கிராமம். மல்லிகைப்பூவை ஈரத்துணியில் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, விடிவதற்குள் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து நிற்கும். சரியான நேரத்துக்கு வந்த பஸ் எல்லாம் அந்த மெயின் ரோட்டோடு சரி. ஊருக்குள்ளே எது வந்தது? அம்மா பள்ளிக்கூடம் போகிற காலத்தில்தான் டவுன் பஸ் ஊருக்குள் நுழைந்தது. வேப்பமரத்தடியில் திரும்பி நின்ற முதல் வண்டிக்குச் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்தார்களாம். அது பெரியப்பா சொல்லும் பஸ் இல்லை, அரசாங்க பஸ்.

1972இல் தி.மு.க. ஆட்சி பெரிய கம்பெனிகளின் பஸ்களை அரசுடைமை ஆக்கியது. சென்னைக்குப் பல்லவன், கோயமுத்தூருக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன், எங்களுக்குப் பாண்டியன். டி.வி.எஸ். வண்டிகள் அப்படியே பாண்டியனுக்குக் கை மாறின. "அன்னைக்குப் போச்சு" என்பார் பெரியப்பா, யாரோ செத்துப்போன மாதிரி. லாபம் வருகிற தடத்தில் மட்டும் ஓட்டினால் நேரத்துக்கு ஓட்டலாம், பளபளவென்று துடைத்தும் வைக்கலாம். எட்டுப் பேர் ஏறுகிற கிராமத்துக்கும் போ, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பாஸில் ஏற்று, டிக்கெட் விலையைக் கூட்டாதே என்று கட்டிப்போட்டுவிட்டு, "அந்தக் காலம் மாதிரி வருமா" என்றால் எப்படி வரும்?

பெயருக்கு மட்டும் இந்த நாட்டில் ரோஷம் வந்துவிடும். போக்குவரத்துக் கழகங்களைப் பிரித்துப் பிரித்து, கட்டபொம்மன், நேசமணி, மருது பாண்டியர், ராணி மங்கம்மாள் என்று தலைவர் பெயர்களாக வைத்துக்கொண்டே போனார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. 1997இல் விருதுநகர்ப் பக்கம் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் என்றதும், அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்களே! ஜாதிக் கலவரமாகி உயிர்களும் போயின. கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயரையும் அழித்து, ஒரே பெயரை எழுதி, ஊரை மட்டும் வாலாக ஒட்டினார்கள். பாண்டியனும் அதில் போனான். பஸ் நேரத்துக்கு வரவில்லை என்று இத்தனை பேர் திரண்டு நான் பார்த்ததில்லை.

இந்தக் கதையைப் பெரியப்பா சொல்ல மாட்டார். அவருடைய வரலாறு 1972இல் நின்றுவிடும். நானும் அந்த இடத்தில் கிளறுவதில்லை. விசேஷ வீடு.

1999இல் வெளியூர் பஸ் எல்லாம் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. பெரியார் பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி என்று இடித்து மறுபடி கட்டினார்கள். இடித்துக் கிடந்த காலத்தில் எந்த நம்பர் எந்தத் தெருவில் நிற்கும் என்று கட்டபொம்மன் சிலையைச் சுற்றிச் சுற்றி அலைந்த எங்களைக் கேட்டால் தெரியும். பெரியப்பாவுக்கு அப்படி ஒரு வேலை நடந்ததே பேப்பரில் பார்த்துத்தான் தெரியும். அவர் டவுன் பஸ்ஸில் கடைசியாக ஏறியது எப்போது என்று பெரியம்மாவைக் கேட்டேன். பெரியம்மா வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஒங்க பெரியப்பா பஜாஜ் ஸ்கூட்டர் வாங்குனாருல்ல, அதுக்கு முன்னாடி" என்றது. நாற்பது வருஷமாவது இருக்கும்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. அன்றிலிருந்து பெரியப்பாவின் கச்சேரியில் ஒரு சரணம் கூடிவிட்டது. "ஓசியில போறீங்க, அப்புறம் என்னத்தக் குறை சொல்றது?" காதுகுத்து வீட்டிலும் அதைத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் கட்டணமில்லாத் துண்டுச் சீட்டு என் பர்ஸுக்குள் கசங்கிக் கிடந்தது. எடுத்து அவர் வெற்றிலைத் தட்டில் வைக்கலாமா என்று ஒரு வேகம் வந்தது. எங்கள் தெருவிலிருந்து பூக்கட்டப் போகிறவள், ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவள், ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவள் எல்லாம் அந்தச் சீட்டை வைத்துத்தான் மாதக் கடைசியை ஓட்டுகிறார்கள் பெரியப்பா, என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "பாயசம் போடட்டுமாத்தா?" என்று பெரியம்மா குறுக்கே வந்துவிட்டது.

ராத்திரி எட்டே முக்காலுக்குக் கிளம்பினேன். "இரு, தம்பி கொண்டுவந்து விடுவான்" என்றார்கள். தம்பி மாடியில் சீட்டாட்டத்தில் இருந்தான். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, சொல்லாமல் நடந்து வந்து ஸ்டாப்பில் நின்றேன். வண்டி வந்தது. ஜன்னலோர சீட்டும் கிடைத்தது. யானைக்கல் பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. பெரியப்பா.

"எங்கத்தா இருக்க? ஒன்னத் தேடிக்கிட்டிருக்கோம்."

"பஸ்ஸுல பெரியப்பா. பாலத்துல போய்க்கிட்டிருக்கேன்."

"பஸ்ஸா?" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இந்நேரத்துக்கெல்லாம் பஸ் இருக்கா என்ன?"