கணினி ஏறிய பட்டாவும் தகரப் பெட்டிப் பத்திரமும்

கரிசல் காட்டுச் சம்சாரி புரட்டாசி விதைப்புக்கு ஆயத்தம் செய்யும்போது விதை, உரம், உழவுக் கூலி ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்ப்பது வழக்கம். இப்போது நான்காவதாக ஒன்றும் சேர்ந்து கொண்டது. அதுதான் கணினிச் சிட்டா. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும், மக்காச்சோளத்துக்கோ உளுந்துக்கோ பயிர்க் காப்பீடு செய்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதமே. 2025-ல் தொடங்கிய விவசாயிகள் தனி அடையாள எண் பதிவுக்கும் பட்டா விவரம் வேண்டும். இறந்துபோன தகப்பனார் பெயரிலும் பாட்டனார் பெயரிலும் பட்டாவை வைத்துக் கொண்டு முகாமுக்குப் போய்த் திரும்பியவர்கள் நமது விருதுநகர் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு.

வருவாய்த் துறை தனது கணக்குகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றியதை நான் குறை கூற வரவில்லை. அது நல்ல காரியம். ஆனால் மாற்றிய முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதன் வழியே சிறு விவசாயியின் நிலம் ஒழுகிப் போகக்கூடும் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தகப்பனார் 1968-ல் ஒரு புஞ்சை வாங்கினார். ஒரு ஏக்கர் 62 சென்ட், மானாவாரி. பக்கத்திலேயே அதே அளவில் எங்கள் பங்காளி ஒருவருடைய நிலம். அப்போது இரண்டும் ஒரே சர்வே எண்ணுக்குள் கிடந்தன. பின்னால் உட்பிரிவு செய்தபோது ஒன்று 'அ' ஆயிற்று, மற்றது 'ஆ' ஆயிற்று. எழுதியவர் கை தவறி எங்களுடையதை அவருக்கும், அவருடையதை எங்களுக்கும் எழுதி விட்டார். இரண்டும் 0.65.5 ஹெக்டேர், தீர்வையும் ஒன்றே. ஆகவே யாருக்கும் தெரியவில்லை. அவரவர் நிலத்தை அவரவர் உழுதோம். பருத்தி போட்டோம், கம்பு போட்டோம், மல்லி விதைத்தோம். முப்பது வருஷம் இப்படியே போயிற்று. இடையில் அந்தக் கணக்கு அப்படியே கணினியில் ஏறியது.

பங்காளியின் மக்கள் வெளியூரில் குடியேறி விட்டார்கள். நிலத்தை விற்பதென்று முடிவு செய்து, கணினிப் பட்டாவில் உள்ள எண்ணைப் போட்டு, காட்டுப் பக்கம் வந்து பார்க்காமலேயே பத்திரம் முடித்துக் கொடுத்தார்கள். வாங்கியவர் பட்டாசு ஆலை வைக்க நினைத்தவர். ஒரு நாள் காலையில் சர்வேயரோடு வந்து கல் ஊன்றினார். ஊன்றிய இடம் முழங்கால் உயரம் மக்காச்சோளம் நின்ற என் புஞ்சை!

நான் கத்தினேன், அவர் பட்டாவைக் காட்டினார். சர்வேயர் தன் கையில் இருந்த படத்தைக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நான் ஒருவன்தான் தவறாக அங்கே நின்று கொண்டிருந்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிழை புதிது அல்ல. கணினி செய்ததும் அல்ல. பழைய காகிதத்தில் இருந்த பிழைதான். ஆனால் காகிதக் காலத்தில் அந்தப் பிழையினால் எவருக்கும் கேடு வரவில்லை. காரணம், நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார். ஓடைக்கு மேற்கே யார் உழுகிறார், பனைமரத்து வரப்பு யாருடையது என்று ஊர்க் கணக்கருக்குத் தெரியும், தலையாரிக்குத் தெரியும். கணக்கில் எழுத்துத் தவறினாலும் அவர்கள் ஞாபகம் தவறாது. கணினி நோட்டை எடுத்துக் கொண்டது. அந்த ஞாபகத்தை எடுத்துக் கொள்ளவில்லை.

அதற்காகக் கர்ணம் காலத்தைப் பொற்காலம் என்று யாரும் எண்ண வேண்டாம். கணக்கு முழுவதும் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். அடங்கலில் பென்சிலால் எழுதுவார், வேண்டும்போது அழிப்பார். ஒரு சிட்டா நகல் வாங்க எத்தனை நாள் திண்ணையில் காத்திருக்க வேண்டும் என்பது வயதானவர்களுக்குத் தெரியும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தபோது சிறு சம்சாரிகள் பலர் மகிழ்ந்ததில் நியாயம் உண்டு.

ஆனால் கால வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். இன்றைய பட்டாக்களுக்கெல்லாம் அடிப்படையாக இருப்பது யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. ஏக்கர், சென்ட் கணக்கெல்லாம் ஹெக்டேர், ஏர் கணக்கில் புதிதாக எழுதப்பட்டது அப்போதுதான். அந்த வேலை பாதியில் இருக்கும்போதே, காட்டை அறிந்த பழைய கணக்கர்கள் 1980-ல் வெளியேறினார்கள். 1985-ல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிந்து, நமது பகுதி காமராஜர் மாவட்டமாயிற்று. 1997-ல் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. அதற்கும் முன்னே, 1910 வரை சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தவை. இத்தனை முறை கட்டுக் கட்டி, வண்டியேற்றி, இறக்கி வைத்த காகிதங்களில் பிழை இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அந்த ஏட்டைத்தான் பின்னர் தாலுகா அலுவலகங்களில் உட்கார்ந்து 'தமிழ் நிலம்' கணினிக்குள் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கிராமத்திலும் சாவடியில் வைத்து உரக்கப் படித்திருந்தால் போதும். பிழைகளில் பெரும்பாலானவை அன்றைக்கே தீர்ந்திருக்கும். என் ஊரில் அப்படி யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

கணினியினால் வந்த நன்மைகளையும் சொல்லத்தான் வேண்டும். இன்று கையில் உள்ள அலைபேசியில் மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டாவையும் அ-பதிவேட்டையும் காசு செலவில்லாமல் பார்த்து விடலாம். பத்திரப் பதிவுத் துறையில் 2000-ல் 'ஸ்டார்' திட்டம் வந்தது. 2018-ல் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. வில்லங்கம் பார்க்கச் சார் பதிவாளர் அலுவலக வாசலில் தரகரைத் தேட வேண்டியதில்லை. வீட்டில் இருந்தபடியே பட்டா மாறுதலுக்கு மனுச் செய்யவும் வழி வந்து விட்டது. இவை சிறிய காரியங்கள் அல்ல. ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம்.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 'பூமி' திட்டத்தின் கீழ் சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றினார்கள். 2002-ல் கையால் எழுதிக் கொடுக்கும் நகலே செல்லாது என்று ஆக்கினார்கள். 15 ரூபாய்க்குத் தாலுகா அலுவலகத்தில் நகல் கிடைத்தது. அதில் எனக்குப் பிடித்த அம்சம் வேறு. பதிவைத் திருத்துகிற அலுவலர் விரல் ரேகை வைத்துத்தான் கணினிக்குள் நுழைய முடியும். எவர் கை பட்டது என்பது பின்னால் தெரிந்து விடும். பென்சில் கர்ணத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

நமது வட்டாரத்தில் இந்தப் பிரச்சினை மற்ற மாவட்டங்களைவிடக் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் பட்டாசுத் தொழில். ஆலைக் கட்டடங்களுக்கு இடையே வெடிபொருள் விதிகளின்படி இடைவெளி விட வேண்டும்; ஆகவே ஏக்கர் கணக்கில் நிலம் தேவை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காடுகள் கைமாறி வருவது இதனால்தான். உரிமம் கேட்பவர் சர்வே எண்ணும் வரைபடமும் காட்ட வேண்டும். அவர் கணினியில் உள்ளதைத்தான் நம்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சம்சாரி சம்சாரியிடம் நிலம் வாங்கினால் வரப்பில் நடந்து பார்த்து வாங்குவார். தொழில் செய்கிறவர் எண்ணைப் பார்த்து வாங்குகிறார். எண் தவறாக இருந்தால் அடி விழுவது பக்கத்து வரப்புக்காரனுக்கு.

என் கதையை முடித்து விடுகிறேன். என்னைக் காப்பாற்றியது தகரப் பெட்டியில் கிடந்த 1968-ம் வருஷத்துப் பத்திரம். உட்பிரிவு எண் அதில் கிடையாது. ஆனால் நான்கு எல்லை இருந்தது. ஓடைக்குக் கிழக்கு, இன்னாருடைய கிணற்றுப் புஞ்சைக்கு வடக்கு என்று தெளிவாக எழுதி இருந்தது. எண் மாறலாம், ஓடை மாறாது அல்லவா? நிலம் வாங்கியவர் நல்ல மனிதர். பத்திரத்தைப் படித்துப் பார்த்து ஒப்புக் கொண்டார். பிழைதிருத்தல் பத்திரம் எழுதினோம். அதன் பிறகு ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். எது என்று சொல்ல விரும்பவில்லை. 'மூலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்' என்றார்கள். பதிவேடு எங்கே என்று கேட்டால், 'அதுதான் கணினியில் ஏறி விட்டதே' என்றார்கள். ஒன்றரை வருஷம் ஆயிற்று. அரசாங்கம் எழுதிய பிழைக்கு நான் மனு எழுதினேன், நான் ஸ்டாம்பு ஒட்டினேன், நான் விடுப்புக் கூலி இழந்தேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. முதலில், கணினியில் ஏறி விட்டது என்பதற்காகப் பழைய அ-பதிவேட்டையும் சிட்டாவையும் கழித்துக் கட்டக் கூடாது. கறையான் அரிக்கிறது, இடம் அடைக்கிறது என்று அலுவலர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அப்படியானால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, கணினிப் பட்டாவுக்குப் பக்கத்திலேயே சம்சாரி பார்க்கும்படி வைக்கட்டும். தட்டச்சுச் செய்ததையும் மூலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்கே வழி வேண்டும்.

இரண்டாவது, ஜமாபந்தி. ஆண்டுதோறும் பசலி முடிகிற மே, ஜூன் மாதங்களில் தாலுகாவில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு நாள், கணினியில் உள்ள பட்டாப் பட்டியலைக் கிராமத்தில் வைத்து, எண்ணும் பெயரும் எல்லையும் உரக்கப் படிக்கட்டும். பெயர் தெரிந்த கிழவர்கள் இன்னும் நாலைந்து பேர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் கழித்துப் படித்தால் கேட்டுத் தலையாட்ட ஆள் இருக்காது. 2024-ல் வேளாண் கல்லூரி மாணவர்களைக் காட்டுக்கு அனுப்பிப் பயிர் விவரத்தை அலைபேசியில் ஏற்ற முடிந்த அரசாங்கத்துக்கு இது முடியாத வேலை இல்லை.

மேலும், ஒரு பட்டாவில் மாறுதல் கேட்டு மனு விழுந்தால், ஏற்கெனவே அதில் பெயர் உள்ளவருக்கும் அடுத்த வரப்புக்காரர்களுக்கும் அன்றே தகவல் போக வேண்டும். அரசாங்கத்தின் எழுத்துப் பிழை என்று தெரிந்தால் கட்டணம் இல்லாமல், கெடு வைத்துத் திருத்த வேண்டும்.

அரசாங்கம் செய்கிற வரையில் நாமும் சும்மா இருக்க வேண்டாம். விதைப்பு வேலை ஓய்ந்த பிறகு, படித்த பிள்ளையை உட்கார வைத்துக் கணினிப் பட்டாவையும் புலப்படத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். பழைய பத்திரத்தின் நான்கெல்லையோடு ஒத்துப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். அளவையும் பெருக்கிப் பாருங்கள். பிறகு படத்தைக் கையில் வைத்துக் கொண்டு வரப்பில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். வேறுபாடு இருந்தால் தாசில்தாரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அங்கே ஒத்து வரவில்லை என்றால் 1983-ம் வருஷத்துப் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் அப்பீல் உண்டு. அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். உடைமை யாருக்கு என்ற வழக்கே வந்து விட்டால் சிவில் கோர்ட்டுத்தான். அங்கே பட்டா மட்டும் போதாது, பத்திரம் வேண்டும்.

பழைய தீர்வை ரசீதுகளைச் சிலர் குப்பை என்று எரித்து விடுகிறார்கள். என் வீட்டில் மருமகள் கூட அந்தப் பெட்டியைக் காலி செய்யச் சொல்லிக் கொண்டிருந்தாள். மக்காச்சோளக் காட்டில் கல் ஊன்றிய நாளிலிருந்து பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டவளும் அவளேதான்.