யாருடைய இயல்பு? பிரேசில் பெண்கள் கடந்து வந்த தடை

"விளையாட்டில் சாதி ஏது, நிறம் ஏது? திறமை உள்ளவர் வெல்வார்" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே நிறைய. மைதானத்துக்குள் நடப்பதை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மைதானத்துக்குள் யாரை விட்டார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்று கேட்டால்தான் உண்மை தெரியும். தென் அமெரிக்கப் பெண்களின் விளையாட்டு வரலாற்றை, குறிப்பாகப் பிரேசிலின் வரலாற்றை, அப்படிக் கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் தென் அமெரிக்கப் பெண் பிரேசிலின் மரியா லெங்க். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்கு வயது 17. ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பிரேசில் சார்பில் ஒரு கறுப்பினப் பெண் ஒலிம்பிக்கில் ஓட மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 1948இல் லண்டனில் ஓடிய மெலானியா லூஸ்தான் அவர். லெங்கின் சாதனையைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பயிற்சிக்கான இடமும் வசதியும் அன்று யார் கையில் இருந்தன என்பதே நம் கேள்வி.

1941 ஏப்ரலில், கெட்டூலியோ வர்காசின் சர்வாதிகார ஆட்சி விளையாட்டுக்கென ஒரு சட்டம் போட்டது. பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடக் கூடாது என்றது அதன் 54ஆவது பிரிவு. 1965இல், இராணுவ ஆட்சியின்போது, அந்த விளையாட்டுகளைப் பட்டியலே போட்டார்கள். கால்பந்து அதில் இருந்தது. 1979இல்தான் தடை நீங்கியது. உலகமே பிரேசிலின் கால்பந்தைக் கொண்டாடிய காலத்தில், அந்நாட்டுப் பெண்களுக்கு 38 ஆண்டுகள் அது மறுக்கப்பட்டிருந்தது.

நீச்சலும் டென்னிசும் பெண்ணின் இயல்புக்கு ஒத்துப்போயின, கால்பந்து மட்டும் ஒத்துப்போகவில்லை. ஏன்? நீச்சலும் டென்னிசும் வசதி படைத்தோரின் கிளப்களுக்குள் நடந்தவை. 1940 வாக்கில் பெண்கள் கால்பந்து அணிகள் பெருகியதோ ரியோ நகரின் புறநகர்களில், உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதிகளில். அந்தப் பெண்கள் காசு கொடுத்துப் பார்க்க வரும் கூட்டத்தின் முன்னால் ஆடத் தொடங்கியதும் தாய்மைக்கு ஆபத்து என்ற கூக்குரல் எழுந்தது. அதே பெண்கள் நாள் முழுதும் துணி வெளுத்தபோதும் சுமை தூக்கியபோதும் தாய்மையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

"இயல்பு" என்ற இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. பிறப்பால் இவன் ஓத வேண்டியவன், இவன் மலம் அள்ள வேண்டியவன் என்று பிரித்த வருணமும் இயல்பைத்தான் காரணம் காட்டியது. முதலில் தடுப்பது, பிறகு "உங்களால் முடியவில்லையே" என்று கேட்பது. ஆதிக்கம் எங்கும் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

1964ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பிரேசிலின் மரியா எஸ்தர் புவேனோ விம்பிள்டன் டென்னிஸ் பட்டத்தை மூன்றாவது முறையாக வென்றார். அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்ற பிரேசில் குழுவில் இருந்த ஒரே பெண், உயரம் தாண்டும் ஆயிடா தோஸ் சாந்தோஸ். நிதெரோய் நகரின் குன்றுச் சேரி ஒன்றில் வளர்ந்த கறுப்பினப் பெண். அவருடன் பயிற்சியாளர் இல்லை. போட்டிக்கு உரிய உடையும் காலணியும்கூட அவருக்குத் தரப்படவில்லை. தகுதிச் சுற்றில் கணுக்காலில் அடிபட்டது. அந்தக் காலோடு 1.74 மீட்டர் தாண்டி நான்காம் இடம் பிடித்தார். தனிநபர் போட்டியில் பிரேசில் பெண் ஒருவர் ஒலிம்பிக் பதக்கம் பெற அதன்பின் 44 ஆண்டுகள் ஆயின. 2008 பெய்ஜிங்கில் ஜூடோவில் வெண்கலம் வென்ற கெத்லின் குவாத்ரோஸும் கறுப்பினப் பெண்தான். அதே பெய்ஜிங்கில் தங்கம் வென்ற பிரேசில் கைப்பந்து அணியில் ஆயிடாவின் மகள் வலேஸ்கின்யா ஆடினார்.

புவேனோ டென்னிஸ் கற்றது சாவோ பாலோ நகரின் தியேத்தே படகுக் கழகத்தில். 1978இல் அதே கழகத்தில் கைப்பந்து அணியைச் சேர்ந்த நான்கு கறுப்பினச் சிறுவர்கள் நிறத்தின் பேரால் பாகுபாட்டுக்கு ஆளானார்கள். அதையும், காவல்துறையின் சித்திரவதையில் ஒரு கறுப்பினத் தொழிலாளி இறந்ததையும் எதிர்த்து எழுந்ததுதான் பிரேசிலின் ஒன்றுபட்ட கறுப்பர் இயக்கம். மகாடு குளத்துத் தண்ணீருக்காக அம்பேத்கர் நடத்திய போரை அறிந்த நமக்கு, ஒரு விளையாட்டுக் கழகத்தின் வாசலில் இயக்கம் பிறந்தது வியப்பாக இருக்காது.

அதே 1978இல், பெண்கள் கால்பந்து தடையில் இருந்தபோதே, சால்வதோர் நகரில் பிறந்தவர் ஃபோர்மிகா. ஏழு உலகக் கோப்பைகளிலும் ஏழு ஒலிம்பிக்குகளிலும் கால்பந்து ஆடிய கறுப்பினப் பெண். அவர் பிறந்தபோது சட்டம் சொன்ன "இயல்பு" எங்கே போயிற்று?

உள்ளே வந்த பிறகும் நிறம் விடுவதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விதிமீறல் என்று தகுதி நீக்கப்பட்ட ஜூடோ வீராங்கனை ரஃபேலா சில்வாவைச் சொந்த நாட்டவரே சமூக வலைத்தளங்களில் குரங்கு என்று ஏசினார்கள். 2016இல் ரியோவில் நாட்டின் முதல் தங்கத்தை வென்று அவர் பதில் சொன்னார். 2021இல் டோக்கியோவில் அர்ஜென்டினாப் பெண்களிடம் இந்திய ஹாக்கி அணி தோற்ற அன்று, ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகம் என்று ஏசியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். அந்த ஒலிம்பிக்கில்தான் அவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்திருந்தார். வென்றால் நாட்டின் மகள், தோற்றால் சேரிக்காரி!

2027இல் பெண்கள் உலகக் கோப்பை பிரேசிலில் நடக்கவிருக்கிறது. தென் அமெரிக்க மண்ணில் இதுவே முதல் முறை. கைதட்டுவோம். கூடவே, அந்த 38 ஆண்டுகளில் பந்தைத் தொட விடாமல் தடுக்கப்பட்ட பெண்களையும் நினைப்போம். நம் ஊரில் திறமை பற்றி யாராவது பாடம் எடுத்தால், முதலில் மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்போம்.