நூற்றறுபது சதுர அடியில் ஒரு நூற்றாண்டு

சென்ற வாரம் எமது வகுப்பறை நிலத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு நீள்சதுரம் வரைந்தோம். நீளம் பதினாறு அடி; அகலம் பத்து அடி. "இதற்குள் தாய், தந்தை, பாட்டி, பிள்ளைகள் ஐவர், ஆக எண்மர் வாழவேண்டும். சமையலும் துயிலும் இதற்குள்ளேயே. இடத்தை எவ்விதம் பகிர்வீர்கள்?" என்று மாணவரை வினவினோம். அவர்கள் சிறிது நேரம் அளந்தும் வாதிட்டும் பார்த்தனர். ஈற்றில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், படிப்பது எங்கே?" என்றான். அவன் கேள்விக்குரிய விடை அந்த நீள்சதுரத்துக்கு வெளியே இருக்கிறது. அதைப் பற்றியே இன்று வாசகரோடு பேச விரும்புகிறோம்.

நாம் வரைந்த அளவு கற்பனையன்று. மும்பை மாநகரில் 'பி.டி.டி. சால்கள்' என வழங்கும் தொழிலாளர் குடியிருப்புகளில் ஓர் அறையின் பரப்பு ஏறக்குறைய 160 சதுர அடியே. சால் என்பது நீண்ட விறாந்தையை ஒட்டி ஒற்றை அறைகள் வரிசையாய் அமைந்த மாடிக் கட்டடம். எமது மலையகத்து லயன்களைக் கண்டவர்கள், அவ்வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு தட்டுகள் அடுக்கினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயில் பஞ்சாலைகள் பெருகின. கொங்கணக் கரையிலிருந்தும் சாத்தாராப் பகுதியிலிருந்தும் வேலை தேடி வந்தோர் காற்றும் ஒளியும் புகாத இடங்களில் நெருங்கி வாழ்ந்தனர். 1896இல் பிளேக் நோய் பரவிய பின்னரே ஆட்சியாளரின் கவனம் அவ்விடங்களின்மேல் விழுந்தது. 1898இல் நகரச் சீர்திருத்தத்துக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. 1920இல், சேர் ஜோர்ஜ் லொயிட் தேசாதிபதியாயிருந்த காலத்தில், பம்பாய் அபிவிருத்தித் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே பி.டி.டி. ஆகும்.

ஐம்பதினாயிரம் அறைகள் கட்டுவது அத் திணைக்களத்தின் திட்டம். கட்டி முடிந்தவை 207 கட்டடங்களே. வொர்லியில் 121, நைகாமில் 42, இப்போது என். எம். ஜோஷி வீதி எனப்படும் டிலைல் வீதியில் 32, சிவ்ரியில் 12. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிலத்தளத்தின்மேல் மூன்று மாடிகள்; ஒவ்வொன்றிலும் 80 அறைகள். மலசலகூடம் தளந்தோறும் பொதுவாக இருந்தது.

கொங்கிறீட்டினால் விரைந்து எழுப்பிய இக்கட்டடங்களைத் தொழிலாளர் தொடக்கத்தில் விரும்பவில்லை. அறைகள் பல ஆண்டுக்கணக்காய் வெறுமையாய்க் கிடந்தன. 1930களில், சட்டமறுப்பு இயக்க காலத்தில், வொர்லிக் கட்டடங்கள் சிலவற்றை அரசாங்கம் தற்காலிகச் சிறையாகவும் பயன்படுத்தியது. வீடெனக் கட்டியது சிறைக்கும் பொருந்திற்று என்றால், கட்டியோர் அங்கு வாழப்போகும் மனிதரை எவ்வளவு எண்ணினர் என்பதை மாணவர் தாமே உய்த்துணர்வர்.

அவற்றை வீடாக்கியவர்கள் அங்கு குடிபுகுந்தவர்களே. ஆலையின் இரவு முறைக்காரர் பகலிலும், பகல் முறைக்காரர் இரவிலும் ஒரே அறையில் உறங்கினர். குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆடவர்க்குச் சோறாக்கிக் கொடுத்துப் பெண்கள் பிழைத்தனர். அறைக்குள் அடங்காதன யாவும் விறாந்தைக்கு வந்தன. பிள்ளைகள் அங்கே படித்தனர். முதியோர் அங்கே பாய் விரித்தனர். தாய் வேலைக்குப் போன வீட்டுக் குழந்தைக்கு அயல்வீட்டுப் பாட்டியே காவல். கணேச சதுர்த்தி வந்தால் கட்டடங்களுக்கு இடையேயுள்ள முற்றம் பந்தலாகும். எமது மாணவனின் கேள்விக்கு விடை இதுவே: அவ்வீட்டின் இரண்டாவது அறை விறாந்தை.

இவ்வாழ்வை வெறும் இனிமையாய்ப் புனைந்துரைப்பது தகாது. சாதி வேற்றுமை சால்களையும் விட்டுவைக்கவில்லை. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கத்தினருக்கும் அவர்களை எதிர்த்தோருக்கும் இடையே 1974இல் வொர்லிச் சால்களில் பெருங் கலவரம் மூண்டது. ஒரே விறாந்தையில் வாழ்வோர் எல்லாம் ஒரே மனத்தினர் ஆகிவிடுவதில்லை.

1982 ஜனவரியில் ஆலைத் தொழிலாளர் இரண்டரை இலட்சம் பேரளவில், தத்தா சாமந்தின் தலைமையில், வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது ஓராண்டுக்கு மேல் நீடித்துத் தோல்வியில் முடிந்தது. ஆலைகள் பல மூடப்பட்டன. காலப்போக்கில் ஆலை நிலங்களில் வானளாவும் மாடங்களும் கடைத்தொகுதிகளும் எழுந்தன. சால்களில் சீமெந்து உதிர்ந்து இரும்புக் கம்பி வெளித் தெரிந்தது. அவை நின்ற நிலமோ பொன்விலை பெற்றது.

இந்நிலையிலேயே மகாராட்டிர அரசாங்கம் புனரமைப்பைத் தொடங்கிற்று. சிவ்ரிக் கட்டடங்கள் துறைமுகத்துக்குரிய நிலத்தில் நிற்பதால், ஏனைய மூன்று இடங்களிலுள்ள 195 கட்டடங்களுக்கே திட்டம் வகுக்கப்பட்டது. வாடகைக்கு இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் 500 சதுர அடி கொண்ட வீடு, விலையின்றி, சொந்த உரித்தாய்க் கிடைக்கும். அதே நிலத்தில் மேலதிகமாய்க் கட்டும் வீடுகளை விற்றுச் செலவு ஈடுசெய்யப்படும். 2017இல் அடிக்கல் நாட்டினர். வொர்லியில் 2021இல் வேலை தொடங்கிற்று. 2025 ஓகஸ்ட் 14ஆந் தேதி அங்கு முதல் 556 வீடுகளின் திறப்புகள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவ்வீடுகள் நாற்பது மாடிக் கோபுரங்களில் அமைந்தவை.

விறாந்தை வாழ்வு மறைகிறதே என்று எமது இல்லத்தில் வருந்தினோம். எமது மனைவியார் பொறுமையாய்க் கேட்டிருந்துவிட்டு, "விறாந்தையைப் புகழ்கிறவர்கள் விடியற்காலையில் மலசலகூட வரிசையில் ஒருநாளாவது நின்றிருப்பார்களா?" என்றார். எம்மிடம் மறுமொழி இல்லை. நோயுற்ற முதியவளுக்கும் வயதுவந்த பெண்பிள்ளைக்கும் கதவடைத்துக்கொள்ள ஓரிடம் வேண்டும். அதனை நூறாண்டு மறுத்துவிட்டு, ஒற்றுமை கெடுகிறதென்று தொலைவிலிருந்து வருந்துவது அறமாகாது. அவ்வீடு அவர்களுக்கு உரியதே.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. நாற்பது மாடிக்கு மின்தூக்கி ஓட வேண்டும். நீர் ஏற வேண்டும். இவற்றுக்கு மாதந்தோறும் செலவுண்டு. ஆலைச் சம்பளம் போன குடும்பங்கள் அதனை எத்தனை ஆண்டுகள் தாங்கும்? தாங்காதவர் வீட்டை விற்று நகரின் எல்லைக்கு அப்பால் போவாராயின், கட்டடம் புதிதாகும்; அயல் கலைந்துவிடும். ஆகவே வீட்டைக் கொடுப்பதோடு அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. பராமரிப்புச் செலவுக்கு வழி செய்தலும், பிள்ளைகள் படிக்கவும் முதியோர் கூடவும் பொதுவிடம் விடுதலும் அத் திட்டத்தின் பகுதியாகவே இருத்தல் வேண்டும்.

மறுநாள் வகுப்பில் பழைய கோட்டை அழித்து, இருபத்தைந்து அடிக்கு இருபது அடியாய்ப் புதிய கோடு வரைந்தோம். மாணவர் மகிழ்ந்தனர். தனி அறை, சமையலறை, குளியலறை எல்லாம் பகிர்ந்து முடித்தனர். முன்னர் கேள்வி கேட்ட மாணவன் படிப்பதற்கு ஒரு மூலையைக் குறித்தான். பின்னர், "பாட்டி பகலில் யாரோடு பேசுவா, சேர்?" என்று கேட்டான். நகரங்களை வரைவோர் மேசையிலும் அக்கேள்வி இருக்கட்டும்.