10,000 பேரை 1,000 பேர் விரட்டிய அடையாறு போர்: ரோமானியப் படைக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களிடம் அடையாறு என்று சொன்னால் 2015 டிசம்பர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். வீட்டுக்குள் புகுந்த தண்ணீர், மொட்டை மாடி, மீட்புப் படகு. ஆனால் இதே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் 1746-ல் நடந்த ஒரு சண்டை, இந்தியாவின் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கான போக்கையே மாற்றியது. பள்ளிக்கூடத்தில் 'அடையாறு போர் நடந்த ஆண்டு எது?' என்று ஒரு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்திருப்போம்.

ஆண்டை மறந்தால் பரவாயில்லை. சுமார் 10,000 பேர் கொண்ட ஒரு படை, சுமார் 1,000 பேரிடம் எப்படித் தோற்றது? இதற்கான பதிலைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிலைத் தேடினால் ரோம் வரை போக வேண்டியிருக்கிறது.

அன்று என்ன நடந்தது?

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள். நகரத்தைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தார் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான். பாண்டிச்சேரி ஆளுநர் டூப்ளே கொடுக்கவில்லை. கோபமான நவாப், மகன் மாபூஸ் கான் தலைமையில் ஒரு பெரிய படையை அனுப்பினார்.

அந்தப் படை சாந்தோம் பக்கம், அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளோடு நின்றது. பாண்டிச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த சிறிய பிரெஞ்சுப் படை தென்கரைக்கு வந்து சேர்ந்தது. தளபதி பாரடி என்ற சுவிஸ்காரர். அவரிடம் ஐரோப்பியர்கள் சில நூறு பேர். மீதி எல்லோரும் இங்கேயே ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுத்த சிப்பாய்கள். பீரங்கி ஒன்றுகூட இல்லை.

பாரடி காத்திருக்கவில்லை. எதிரியின் பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தார்கள். கரையேறி வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் சுட்டார்கள். பிறகு துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு முன்னேறினார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது. யானை மேலிருந்த மாபூஸ் கானும் களத்தை விட்டு வெளியேறினார். இன்றைய திரு.வி.க. பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற முகத்துவாரப் பகுதிதான் அந்தக் களம்.

துப்பாக்கிதான் காரணமா?

'அவங்ககிட்ட நவீன ஆயுதம் இருந்தது, நம்மகிட்ட இல்ல' என்பதுதான் வழக்கமான விளக்கம். பாதி உண்மை. நவாபின் படையிலும் துப்பாக்கி இருந்தது. பீரங்கி இருந்ததே அந்தப் பக்கம் மட்டும்தான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. அன்றைய நவாபின் படை என்பது பல தலைவர்கள் ஆளுக்கொரு கூட்டமாக அழைத்து வந்த ஆட்களின் தொகுப்பு. வீரனுக்குச் சம்பளம் அந்தத் தலைவன் வழியாகத்தான் வரும், பாக்கியும் விழும். அவன் விசுவாசமும் அந்தத் தலைவனோடு முடிந்துவிடும். தளபதியின் யானை திரும்பினால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். ஒவ்வொருவராகப் பார்த்தால் வீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் பத்தாயிரம் பேரும் ஒரே படையாக இயங்க வழியில்லை.

சரி, ரோம் இதில் எங்கே வருகிறது?

'கூட்டத்தைப் படையாக மாற்றுவது எப்படி?' என்ற கேள்விக்கு வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட பதில், ரோமானியர்களின் லீஜியன். அதன் கட்டமைப்பு கீழிருந்து தொடங்குகிறது:

- 8 பேர்: ஒரே கூடாரத்தில் தூங்கி, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடும் குழு.
- 80 பேர்: இப்படிப் பத்துக் குழுக்கள் சேர்ந்தால் ஒரு 'செஞ்சுரி'. கிரிக்கெட்டில் செஞ்சுரி என்றால் நூறு. பேரரசுக் கால ரோமானியப் படையில் எண்பதுதான். இதன் தலைவர் செஞ்சூரியன்.
- 480 பேர்: ஆறு செஞ்சுரிகள் சேர்ந்தால் ஒரு 'கோஹார்ட்'.
- சுமார் 5,000 பேர்: பத்து கோஹார்ட்டுகள் சேர்ந்தால் ஒரு லீஜியன்.

தளபதி ஐயாயிரம் பேரிடமும் கத்த வேண்டியதில்லை. உத்தரவு படிப்படியாக இறங்கும். மேலே இருப்பவர் செத்தாலும் கீழே இருக்கும் குழு கலையாது. எட்டுப் பேரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டு ஓடுவது அவ்வளவு எளிதல்ல.

சண்டை முறையும் அப்படித்தான். நெருங்கியதும் எல்லோரும் ஒன்றாக 'பைலம்' என்ற எறி ஈட்டியை வீசுவார்கள். எதிரியின் வரிசை குலையும். அந்த நொடியில் பெரிய கேடயத்தோடும் குட்டை வாளோடும் உள்ளே புகுவார்கள். முன்வரிசை களைத்துப்போனால் பின்னால் காத்திருக்கும் புது வரிசை அந்த இடத்துக்கு வரும். எல்லாவற்றையும் சேர்த்துக் களத்தில் இறக்காமல் ஒரு பகுதியைக் கையிருப்பில் வைப்பது அவர்களின் பழக்கம்.

சம்பளம் அரசிடமிருந்து வந்தது. பயிற்சி தினசரி வேலையாக இருந்தது. போர் இல்லாத நாட்களில் சாலை போட்டார்கள், முகாம் கட்டினார்கள்.

ரோமிலிருந்து அடையாறு வரை

1590-களில் நெதர்லாந்தில் நாசாவு குடும்பத்தைச் சேர்ந்த மாரிஸும் அவருடைய உறவினர் வில்லியம் லூயியும் ரோமானியப் பேரரசுக் காலத்துப் போர்க்கலை நூல்களை எடுத்துப் படித்தார்கள். வரிசை வரிசையாக ஆயுதம் எறியும் பழைய முறையைத் துப்பாக்கிக்கு மாற்றினால் என்ன என்ற யோசனையை, 1594-ல் வில்லியம் லூயி ஒரு கடிதத்தில் மாரிஸுக்கு எழுதினார். முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் மறுபடி மருந்து கெட்டிக்கும். அதற்குள் அடுத்த வரிசை சுடும். இதற்காகத் துப்பாக்கியைக் கையாளும் ஒவ்வொரு அசைவையும் பிரித்து, எண் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள்.

இதிலிருந்து வளர்ந்ததுதான் ஐரோப்பிய 'டிரில்'. அடுத்த 150 ஆண்டுகளில் அதன் வடிவம் பலமுறை மாறியது. 1746-ல் அது அடையாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. எறி ஈட்டிக்குப் பதில் ஒரே நேரத்தில் வெடிக்கும் துப்பாக்கிகள், குட்டை வாளுக்குப் பதில் துப்பாக்கி முனைக் கத்தி. முதலில் வரிசையைக் குலை, பிறகு உள்ளே நுழை என்கிற அடிப்படை மாறவே இல்லை.

ஜெயித்தவர்கள் யார்?

இங்கேதான் நாம் வழக்கமாகச் சொல்லும் கதையைத் திருத்த வேண்டியிருக்கிறது. அடையாற்றைக் கடந்து ஜெயித்த அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள் இல்லை. 'வெள்ளைக்காரன் வீரன், நம்மாளு பயந்தவன்' என்ற கதைக்கு அந்தக் களத்தில் ஆதாரமே கிடையாது. இதே மண்ணின் ஆட்கள், வேறொரு அமைப்புக்குள் நின்றபோது முடிவு வேறாக வந்தது.

ஆங்கிலேயர்களுக்கு இது உடனே புரிந்தது. 1748-ல் வந்த ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கம்பெனிப் படையைச் சீரமைத்தார். 1758-ல் உள்ளூர் சிப்பாய்கள் பட்டாலியன்களாக அமைக்கப்பட்டார்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது.

அடுத்த பரீட்சை தாம்பரம் லோக்கல் ரயிலில் நாம் தினமும் கடக்கும் பரங்கிமலையில் நடந்தது. பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நேரம். 1759 பிப்ரவரி 9 அன்று மலையருகே அந்தப் படையின் ஒரு பகுதியைத் தடுத்து நின்ற கம்பெனிப் படையில் பெரும்பாலோர் உள்ளூர் சிப்பாய்களும் குதிரை வீரர்களும்தான். தளபதி கயோ என்ற ஆங்கிலேய அதிகாரி. உள்ளூர்ப் படைக்குத் தலைவர் யூசுப் கான். கமல்ஹாசன் படமாக எடுக்கத் தொடங்கி நின்றுபோன அதே மருதநாயகம்தான். சுமார் ஒரு வாரத்தில், ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும், முற்றுகை முடிந்தது.

யாருக்காக அந்த ஒழுங்கு?

இந்தக் கதையை 'டீம் ஒர்க் இருந்தால் ஜெயிக்கலாம்' என்று ஆபீஸ் பிரசன்டேஷன் பாடமாகச் சுருக்குவது சுலபம். அது போதாது.

ரோமானியரிடம் பயிற்சி பெற்று அவர்கள் படையிலேயே பணியாற்றிய ஜெர்மானியர் அர்மீனியஸ். கி.பி. 9-ல் மூன்று லீஜியன்களை, வரிசை அமைக்கவே இடமில்லாத காட்டுப் பாதையில் மடக்கி அழித்தார். யூசுப் கானும் கம்பெனியிடம் கற்றதை வைத்து 1763-ல் மதுரையில் அவர்களையே எதிர்த்தார். பல மாதங்கள் கோட்டை விழவில்லை. கடைசியில் சொந்த ஆட்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அவர் படையை எதிரியால் உடைக்க முடிந்தது உள்ளேயிருந்துதான்.

படை ஒழுங்குக்கு நிறமோ மொழியோ கிடையாது. சம்பளத்தைச் சரியாகக் கொடுத்து, பயிற்சி தந்து, பொறுப்பைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுப்பவருக்காக அது வேலை செய்யும். இங்கே அதை முதலில் செய்தது வியாபாரக் கம்பெனிகள். அதற்கான விலையை நாடே கொடுத்தது.

இன்று பரங்கிமலையில் இந்திய ராணுவத்தின் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. அங்கே காலையில் கேட்கும் அணிவகுப்புச் சத்தம், அடையாற்றங்கரையில் கேட்ட அதே டிரில்லின் வழியில் வந்ததுதான். ஆனால் அங்கே பயிற்சி முடிப்பவர்கள் உறுதிமொழி எடுப்பது ஒரு கம்பெனிக்கோ நவாபுக்கோ அல்ல, அரசியலமைப்புச் சட்டத்துக்கு.

நம் பாடப்புத்தகங்கள் அடையாறு போரை ஆண்டோடு நிறுத்தாமல், இந்த வித்தியாசம் வரை சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளம் வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் ஆற்றுக்கு, நாம் அந்த மரியாதையாவது செய்யலாம்.