அக்கம்பக்கம் எதுவரை?

மறைமலை நகரில் முகவரி கேட்டால் "என்.எச்-1", "என்.எச்-2" என்பார்கள். புதிதாக வருகிறவர் ஜி.எஸ்.டி. சாலையை நினைத்துக்கொண்டு, தேசிய நெடுஞ்சாலையைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். அந்த என்.எச். 'நெய்பர்ஹுட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். நம் மொழியில் அக்கம்பக்கம். சென்னையின் நெருக்கடியைக் குறைக்க 1980-ல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய துணை நகரம் இது. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரை ஊருக்கு வைத்தவர்கள், தெருத் தொகுதிகளுக்கு ஆங்கிலச் சுருக்கத்தையே விட்டுவிட்டார்கள். சொல் எந்த மொழியில் இருந்தாலும் போகட்டும். அந்த அக்கம்பக்கத்தின் கோடு எங்கே முடிகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் பெரி. நடுவில் ஒரு தொடக்கப் பள்ளி, சுற்றிலும் வீடுகள், நடந்துபோகும் தூரத்தில் கடை, பூங்கா. குழந்தை பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போய்வர வேண்டும் என்று 1929-ல் அவர் எழுதினார். நல்ல எண்ணம்தான். அப்படி அமைந்த குடியிருப்புகளில் நலச் சங்கங்கள் தானாக முளைக்கின்றன. கழிவுநீர்க் கால்வாய், தெருவிளக்கு, பூங்கா, மரம், பொங்கல் விழா என்று எல்லாவற்றுக்கும் சங்கத்தின் முத்திரையோடு நகராட்சிக்கு மனு போகிறது. தனி ஆளின் மனு மேசையில் கிடக்கும். சங்கத்தின் மனுவுக்குப் பதில் வரும்.

ஆனால், மறைமலை நகர் வெட்டவெளியில் எழுந்த ஊர் அல்ல. பேரமனூர், நின்னக்கரை, சட்டமங்கலம், திருக்கச்சூர் என்று பழைய ஊர்கள் சுற்றி இருக்கின்றன. நம் நாட்டில் ஊர் என்றால் கூடவே சேரியும் உண்டு. வரைபடம் போட்டு வந்த தெருக்களுக்கு 'நகர்' என்று பெயர். சேரிக்குக் 'காலனி' என்று பெயர். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். பெயர்ப் பலகை மாறிய பிறகு அந்தத் தெரு எந்தச் சங்கத்தின் அக்கம்பக்கமாக இருக்கப்போகிறது என்பதையும் சேர்த்தே கேட்போம்.

முதலில் வீடு. நகர்ப் பகுதியில் வீட்டுப் பேச்சு என்றால் வரைபட அனுமதி, சொத்துவரி, வாடகை. காலனியில் வீட்டுப் பேச்சு பட்டாவில் தொடங்கிப் பட்டாவிலேயே நிற்கிறது. இது இன்றைய சங்கதி அல்ல. 1891-ல் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் ஓர் அறிக்கை அனுப்பினார். பறையர் மக்கள் குடிசை போட்டிருக்கும் மண்ணையும் மிராசுதார்கள் தமதென்று சொல்கிறார்கள். கூலி கேட்டால், சொல்பேச்சு கேட்காவிட்டால், குடியிருப்பிலிருந்தே விரட்ட முடிகிறது என்று அவர் விளக்கினார். அதன் விளைவாக 1892-ல் பிறந்ததுதான் பஞ்சமி நில அரசாணை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகக் கணக்கு. அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக, 1994 அக்டோபர் 10 அன்று இதே மாவட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்தின் போராட்டம் அது.

குடியிருக்கும் மண் தன் பெயரில் இல்லாதவர் வாய் திறக்க மாட்டார் என்பதை வெள்ளைக்கார அதிகாரி அன்றே கண்டுகொண்டார். இன்றும் கணக்கு மாறவில்லை. தாத்தா பெயரில் ஒரு பட்டா. அதற்குள் மூன்று குடும்பம். தொகுப்பு வீட்டின் தளம் ஒழுகுகிறது. ஏரிப் புறம்போக்கில் இருப்பவருக்கு அந்த ஒரு பட்டாவும் கிடையாது. இந்தக் குடும்பங்களின் மனுவுக்கும் முத்திரை குத்த ஒரு சங்கம் வேண்டாமா?

அடுத்தது மரம். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் நமக்குப் பக்கத்திலுள்ள வண்டலூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு. அரசு நிலத்து மரத்தை வெட்ட வேண்டுமானால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவைக் கேட்க வேண்டும். நகர்ப் பகுதிச் சங்கங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு கிளை முறிந்தாலும் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

காலனியிலோ இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனை. வீட்டைக் கட்டிய பிறகு முருங்கைக்கே இடம் தேட வேண்டும். வெயிலில் உட்கார நிழல் தருவது தெருமுனை வேம்பும் புறம்போக்குப் புளியும்தான். அந்தப் புளிக்கும் உரிமை யாருக்கு என்று ஒரு தாள் உண்டு. அரசு நிலத்து மரத்தின் பலனை அனுபவிக்க வருவாய்த் துறை கொடுக்கும் 2சி பட்டா அது. நிழலில் நாம் இருப்போம். தாள் வேறொருவர் பெயரில் இருக்கும். ஆகவே, மரம் நடுங்கள் என்று காலனி மக்களுக்கு உபதேசம் செய்கிறவர்கள், எந்த மண்ணில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரக்கன்று நடும் பட்டியலில் சுடுகாட்டுப் பாதையும் அங்கன்வாடி வாசலும் இடம்பெற வேண்டும். பசுமை என்ற பெயரில், பிள்ளைகள் விளையாடும் பொதுவிடத்துக்கு வேலி விழக் கூடாது.

மூன்றாவது, கூடி வாழ்வது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, ஒட்டியிருந்த ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாக மக்கள் சொன்னார்கள். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் இடம் ஒன்று இருந்திருந்தால், அந்த முறையீடு தனியாக அலைந்திருக்காது.

சங்கம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1945-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் ஒரு வீடு வாங்கியது. கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்று அந்தத் தெருக்காரர்கள் முன்பே ஒப்பந்தம் எழுதிவைத்திருந்தார்கள். ஷெல்லியை வெளியேற்றத் தொடுத்த வழக்குக்குத் துணைநின்றது அந்தப் பகுதியின் மேம்பாட்டுச் சங்கம். அத்தகைய ஒப்பந்தத்தை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று 1948 மே 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவை மேம்படுத்த எழுந்த சங்கமே தெருவை அடைக்கவும் செய்யும். நம் பக்கம் ஒப்பந்தம் எழுதுவதில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற ஒரு கேள்வியே வேலையை முடித்துவிடுகிறது.

இதற்கு மாற்றாகத் தமிழகம் ஒரு வழியைச் செய்து பார்த்திருக்கிறது. 1997-ல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைச் சாதி முடிவுசெய்யாத ஏற்பாடு அது. எல்லா ஊரையும் இடித்து அப்படிக் கட்ட முடியாது. ஆனால், இருக்கும் ஊரை ஒரே கூட்டத்தில் உட்காரவைக்க முடியும். அதற்குச் சட்டமே இருக்கிறது.

கிராமத்து வாசகர்களுக்குக் கிராம சபை தெரியும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். யாரும் எழுந்து கேட்கலாம். நகர்ப்புறத்துக்கு அதே போன்றது பகுதி சபை. ஏரியா சபை என்றும் சொல்கிறார்கள். அதற்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். நலச் சங்கம் 1975-ம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் வருவது. சந்தா உண்டு, உறுப்பினரைச் சேர்ப்பதும் சேர்க்காததும் அதன் விதிப்படி. பகுதி சபைக்குச் சந்தா இல்லை, சொந்த வீடு வேண்டியதில்லை. அது கூட வேண்டிய நாட்களில் ஒன்று ஏப்ரல் 14, அண்ணலின் பிறந்தநாள். அன்று சிலைக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், கூட்டத்துக்கும் போக வேண்டும்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஒரகடம், மறைமலை நகர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து, ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகளில் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில். 2021 செப்டம்பரில் ஃபோர்டு தன் ஆலையை மூடப்போவதாக அறிவித்தபோது, வேலை போன கவலையோடு வாடகைக் கவலையும் சேர்ந்துகொண்டவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். வீட்டு உரிமையாளரை மட்டும் எண்ணும் சங்கத்துக்கு இவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். குடியிருப்போர் என்ற சொல்லுக்கு அங்கே குடியிருப்பவர் என்றுதான் பொருள். வாடகைக்கு இருப்பவரையும் உறுப்பினராக ஏற்கும்படி சங்கங்கள் தம் விதிகளைத் திருத்திக்கொள்ளட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லலாம். உங்கள் வார்டுக்கு பகுதி சபை அமைந்திருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, தீர்மானங்கள் என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சியைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். வந்த பதிலை காலனியில் நான்கு பேர் கூடும் இடத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் பட்டா, தொகுப்பு வீடு, சுடுகாட்டுப் பாதை, நிழல் மரம் என்ற நான்கையும் எழுதித் தாருங்கள்.