வழி விலகிய துளைகள்

மின் கித்தாரைத் தம் கையாற் செய்ய முனையும் மாணவர்கள் மனமுடையும் இடம் ஒன்றுண்டு. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் வெளியிட்டு, மறு ஆண்டில் டெலிகாஸ்டர் எனப் பெயர்பெற்ற கித்தாரில், தந்திகள் பின்புறத்தே நுழைந்து, ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் தடித்த மரத்தைக் கடந்து, தம்மைத் தாங்கும் குதிரையின்மேல் ஏறுகின்றன. அம்முறையைப் பின்பற்றி முன்புறமிருந்து துளையிட்டால், முன்னே ஆறு துளைகளும் அணிவகுத்து நிற்கும். திருப்பிப் பார்த்தாலோ, துளைவாயிற் பதித்த பூண்கள் கோணல்மாணலாய்ப் பல்லிளிக்கும்! நீண்ட மெல்லிய துறப்பண அலகு மரநாரின் போக்கில் விலகிச் செல்வதே காரணம்.

குதிரைக்கும் கழுத்தின் முனைக்கும் இடைப்பட்ட தந்தியே ஒலிப்பதால், பின்புறக் கோணலினாற் சுருதி கெடாது. கண்ணை உறுத்தாதாயின் அப்படியே விட்டுவிடலாம்.

திருத்த விரும்புவோர் துளையை அராவி அகலமாக்கலாகாது. பூண் பிடிமானமின்றிக் கழன்றுவிடும். பின்புறத்திற் பாதி ஆழம் வரை அகழ்ந்து, அதே மரத்தில் வெட்டிய முளையைப் பசையிட்டு இறுக்கி, ஒரு நாள் உலரவிடுக. பின்னர் மேசைத் துறப்பணத்தின் தட்டில் ஒரு பலகையைப் பிணைத்து, அலகின் நேர்கீழே அதே பருமனுள்ள ஆணியொன்றை நாட்டுக. முன்புறத் துளையை அவ்வாணியிற் பொருத்திப் பின்புறமிருந்து துளையிட்டால், இரு வழிகளும் நடுவே சந்திக்கும். நுட்பம் முழுவதும் இவ்வாணியிலேதான். பலகை இம்மியும் அசையலாகாது.

வண்ணம் பூசாது மெருகு மட்டும் இடுவதாயின், முளையின் ரேகை உடலின் ரேகையோடு ஒத்தோடுமாறு செருகுதல் நன்று. குறுக்கு வெட்டுமுகம் வெளியே தெரிந்தால் அது மெருகை உறிஞ்சிக் கறுத்துப்போகும்.