கதைப் புத்தகமும் குற்ற வாக்குமூலமும்

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, நீதிமன்றங்களும் சித்திரை விடுமுறைக்குக் கதவடைத்திருந்த நாட்களில், நாம் நாவற்குடாவிலே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சில நாவல்களைப் படித்து முடித்தோம். படுவான்கரையிலிருந்து காணி வழக்கொன்றின் பொருட்டு வந்திருந்த முதியவர் ஒருவர், எமது கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைக் கண்டு, "என்ன ஐயா, நீங்களும் கதைப் பொத்தகம் பாக்கிற ஆளா?" என்று கேட்டே விட்டார். அவருக்கு அப்போது சிரித்துச் சமாளித்தோம். அந்த மறுமொழி போதாதென்று பின்னர் தோன்றிற்று. ஆகவே இதனை எழுதுகிறோம்.

இந்நூல்களில் நாமாக விரும்பித் தேடியவை சிலவே. மற்றவை நாம் கட்சி வேலையாகப் போகும் வீடுகளில் இளைஞர் கையிலும் மாணவியர் கையிலும் கிடந்தவை. கேட்டு வாங்கி வந்தோம். இளைஞரை மேடைக்கு அழைக்கிறோம், ஊர்வலத்துக்கு அழைக்கிறோம். அவர்கள் இரவில் விளக்கை அணைக்குமுன் எதைப் படிக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மர்மக் கதை, இளையோர் கதை, சரித்திரக் கதை ஆகிய மூன்றுமே அவர்கள் கையில் மிகுதி.

மர்மக் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நம் பாட்டன்மாரின் உறக்கத்தைக் கெடுத்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் நம் தந்தையரின் உறக்கத்தைக் கெடுத்தார். எமது உறக்கத்தைக் கெடுத்தவர் சுஜாதா. அவருடைய 'கொலையுதிர் காலம்' நூலை இம்முறை இரண்டாந் தடவையாகப் படித்தோம். நடப்பது பேயின் செயலா, விஞ்ஞானத்தின் சூழ்ச்சியா என்ற ஐயத்தை இறுதிப் பக்கம் வரை கட்டிக் காத்திருக்கும் திறமையை எவரும் மறுக்க இயலாது. வழக்கறிஞன் கணேஷ் தன் கட்சிக்காரருக்காக இருட்டு வீடுகளிலும் தோட்டங்களிலும் அலைவதைப் பார்க்கையில், ஒரு சட்டத்தரணியாக எமக்குச் சிறிது பொறாமையும் உண்டாயிற்று. நாம் அலைவதெல்லாம் பதிவாளர் அறைக்கும் காணிக் கந்தோருக்கும் இடையில்தான்.

ஆயினும் மலிவுப் பதிப்பு மர்மக் கதைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைப்பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் எல்லாரையும் ஓர் அறையில் கூட்டுவார், ஒருவரைச் சுட்டுவார், சுட்டப்பட்டவர் தலை குனிந்து, "ஆம், நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொள்வார், கதை முடிந்துவிடும். சாட்சியம் எங்கே, குறுக்கு விசாரணை எங்கே என்று எவரும் கேட்பதில்லை. குற்றவாளி ஒப்புக்கொண்டு விட்டான், வேறென்ன வேண்டும் என்ற எண்ணம் படிப்பவர் நெஞ்சில் பதிந்துவிடுகிறது.

எந்த நாட்டில் எப்படியோ, இந்த மாவட்டத்தில் அவ்வெண்ணம் நமக்கு ஆகாது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தை ஆங்கிலேயர் வகுத்தபோதே, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் எதிரிக்கு மாறாகச் செல்லாது என்று 25ஆம் பிரிவில் எழுதினார்கள். அடைத்துவைத்த அறையில் ஒரு மனிதன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதை அறிந்தே எழுதினார்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது அதன் 16ஆம் பிரிவு. அது விரும்பிக் கொடுத்ததன்று என்று காட்டும் சுமையையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. மூன்றாண்டுக்கெனக் கொண்டுவந்த அச்சட்டம் 1982இல் நிலையான சட்டமாயிற்று.

சிங்கராசா வழக்கைச் சட்டம் படித்தோர் அறிவர். கமக்காரரும் அறிந்திருக்க வேண்டும். 1993இல் இம்மாவட்டத்தில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில், தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த அம்மனிதர் கைதானார். அவருக்குச் சிங்களம் தெரியாது. அவர் சொன்னதை மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர். சிங்களத்தில் தட்டச்சான தாளில் பெருவிரல் அடையாளம் பெற்றார்கள். வழக்கில் அந்தத் தாளே சாட்சியம். 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் அவர் பக்கம் தீர்ப்புரைத்தது. 2006இல் நம் நாட்டு உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கைக்கொள்ள மறுத்தது. இதனை அறிந்த மட்டக்களப்பு இளைஞன், "நான்தான் செய்தேன்" என்று முடியும் மர்மக் கதையை எப்படி வாய் மூடி ஏற்க முடியும்? மர்மக் கதையை நாம் தடுக்கச் சொல்லவில்லை. ஒப்புதலில் தொடங்கி, அந்த ஒப்புதல் எப்படிப் பிறந்தது என்று துப்பறிகிற நாவல் ஒன்றைத் தமிழில் எழுதுங்கள் என்கிறோம். அதைவிட நெஞ்சை உறைய வைக்கும் மர்மம் வேறு எது?

இளையோர் நூல்களில் இரண்டைச் சொல்வோம். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடி மண்ணின் வழியாக ஒரு சிறுவனை ஈராயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு அப்பால் அழைத்துச் செல்கிறது. 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல் அது. பானை ஓட்டில் கீறிய ஒரு பெயர் நண்பனாக எழுந்து வருவதைச் சிறுவர் நம்புகிறார்கள், நாமும் நம்பினோம். பெரியவர்களுக்குரிய வரலாற்று விளக்கங்கள் இடையிடையே சற்று மிகுந்துவிட்டனவோ என்பது எமது குறை.

மற்றையது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020இல் அதே விருதைப் பெற்றது. இதனைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் பெற்றோர் இருக்கிறார்கள். தகாத தொடுகையால் உள்ளொடுங்கிப்போன சிறுமிக்கு ஒரு மரப் பொம்மை வாய்திறக்கும் துணிவைத் தருவதே கதை. நீதிமன்றத்தில் இத்தகைய வழக்குகளைக் கண்ட அனுபவத்தில் சொல்கிறோம்: குழந்தை சொல்லும்போது, "சும்மா இரு, ஊர் சிரிக்கும்" என்று வாயடைத்த வீடுகளே அதிகம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பெற்றது. 1998இல் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சட்டம் வந்தது. 1929 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. இத்தனையும் இருந்தும் குழந்தை பேசாவிட்டால் சட்டம் என்ன செய்யும்? ஊர் வாசிகசாலைக்கு ஒரே ஒரு புத்தகம் வாங்கப் பணமிருந்தால் இதனை வாங்குங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வோம்.

சரித்திர நாவலுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' இன்னும் இளைஞர் கையைவிட்டு இறங்கவில்லை. 2022இலும் 2023இலும் திரைப்படமாக வந்தபின் அதைத் தேடுவோர் தொகை கூடிற்று. நாம் மறுபடி படித்தபோது எம்மைப் பிடித்தது வந்தியத்தேவனின் குதிரை அன்று, ஆதித்த கரிகாலனின் கொலை. யார் கொன்றார் என்று கல்கி விளங்கச் சொல்லாமலே விட்டார். உடையார்குடிக் கல்வெட்டோ, துரோகிகள் என்று சிலரின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய உறவினர் நிலத்தையும் சேர்த்துப் பறிமுதல் செய்த கட்டளையைத் தருகிறது. விசாரணை எப்படி நடந்தது என்பதற்கு அக்கல்லில் விடையில்லை. உறவுக்காரன் காணியைப் பறிக்கும் நீதி எத்தகையது என்று நம் கமக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுஜாதாவும் 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சியைப் பற்றிச் சரித்திர நாவல் எழுதத் தொடங்கி, எதிர்ப்புக் கிளம்பியதால் இடையில் நிறுத்த நேர்ந்தது. பின்னர் அதுவே 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் வந்தது. கதை பிடிக்காவிட்டால் மறுத்து எழுதலாம், எழுத்தாளனை அச்சுறுத்தலாகாது.

கிழக்கு மாகாணம் நாவலுக்குப் புதியதன்று. தமிழின் முதற் சரித்திர நாவலென மதிக்கப்படும் 'மோகனாங்கி'யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையில் பிறந்தவர். 1895இல் அந்நூல் சென்னையிலிருந்து வெளிவந்தது. நாம் மேலே சொன்ன சாட்சியச் சட்டமும் அதே ஆண்டு. ஆனால் அவர் எழுதியதும் தஞ்சை, திருச்சி நாயக்கர் கதையையே. அன்று முதல் இன்றுவரை நம்மவர் கற்பனை கடல் தாண்டியே போகிறது.

கல்லடிப் பாலம் கடந்து சிறிது தூரம் சென்றால் புளியந்தீவுக் கோட்டை. நெடுங்காலம் நாம் அதைக் கச்சேரியாக மட்டுமே அறிந்தோம். பிறப்புச் சான்றுக்கும் காணி உத்தரவுக்கும் வரிசையில் நின்றோம். 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இக்கரையில் இறங்கிக் கண்டி மன்னனைக் காணச் சென்றான். மறு ஆண்டு இங்கே வந்த செபால்ட் த வேர்ட், பிடித்த போத்துக்கேயரை விடுவித்து, விமலதர்மசூரியனின் சினத்துக்கு ஆளாகித் தன் ஆட்களோடு வெட்டுண்டான். 1628இல் போத்துக்கேயர் கோட்டை கட்டினர். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தரும் இரண்டாம் இராசசிங்கனும் சேர்ந்து அதைக் கைப்பற்றினர். சில நாட்களில் மட்டக்களப்பிலேயே ஒப்பந்தமும் எழுதினர். பிடிபடும் கோட்டைகளில், மன்னன் விரும்பினால் ஒல்லாந்தர் படை வைக்கலாம் என்பது அதன் மூன்றாம் வாசகம். ஒல்லாந்தர் தம் மேலிடத்துக்கு அனுப்பிய படியிலோ, "மன்னன் விரும்பினால்" என்ற அச்சொற்களே இல்லை! இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாக்கி வைத்திருக்கிறார்கள். நாம் அதனைக் கதையாகக்கூட ஆக்கவில்லை. அச்சொற்களை விட்டெழுதிய கை யாருடையது? வாவியில் தோணி வலித்தவனும் வட்டையில் நெல் விதைத்தவனும் அன்று எந்தப் பக்கம் நின்றனர்? மர்மமும் சரித்திரமும் ஒருங்கே அமைந்த இப்பொருளைத் தொட நம்மிடையே எழுத்தாளர் இல்லையா?

சூறாவளியும் கடற்கோளும் போரும் நம் வீடுகளோடு புத்தகங்களையும் கொண்டுபோயின என்பது உண்மை. ஆனால் எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' இருக்கிறது; வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' இருக்கிறது. களவெட்டியில் காவல் கிடந்து கதை சொல்லும் முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இவற்றிலிருந்து நாவல் எழுத முன்வரும் இளைஞர் எவராயினும் நாவற்குடாவில் எம்மை வந்து காணலாம். ஒப்பந்தத்தின் இரு படிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சட்ட உதவியை நாம் செய்வோம். அதற்குக் கட்டணம் இல்லை.